கிணற்று நீரா, மழைநீரா, ஆர்.ஓ. நீரா? மீன் தொட்டியின் அமிலத்தன்மையையும் வன்மையையும் சீராக்கும் வழிகள்: ஓர் ஒப்பீடு

"கிணற்று நீரின் பிஎச் 8.2 காட்டுகிறது. ஏஞ்சலும் நியோன் டெட்ராவும் வளர்க்க ஆசை. எதைச் சேர்த்தால் 6.5 ஆகும்?" திருகோணமலையில் நன்னீர் மீன் வளர்க்கத் தொடங்குவோரிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது. கடையில் கேட்டால் ஒரு போத்தல் மருந்தைத் தருகிறார்கள். அயலில் கேட்டால் வாதுமை இலையைப் போடச் சொல்கிறார்கள். வீட்டுப் பெரியவர்கள் மழைத்தண்ணீரைப் பிடித்து ஊற்றச் சொல்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் எந்த நீருக்கு எது பொருந்தும் என்பதை அறியாமல் மூன்றையும் மாறிமாறிச் செய்து பார்ப்பவர்களின் தொட்டியில்தான் மீன்கள் அதிகம் சாகின்றன. எனவே வழிகளை ஒப்பிடுவதற்கு முன், எவற்றை அளக்க வேண்டும், எந்த அளவுகோல்களால் எடைபோட வேண்டும் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம்.

## அளக்க வேண்டியவை மூன்று

பிஎச் என்பது நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் எண். 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஓர் எண் குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடுகிறது என்பதால், 8 இலிருந்து 7 க்கு வருவது சிறிய நகர்வு அன்று.

பொது வன்மை என்பது நீரில் கரைந்துள்ள கல்சியத்தினதும் மகனீசியத்தினதும் அளவு. சோதனைப் பெட்டிகளில் இது ஜிஎச் எனக் குறிக்கப்படுகிறது. மீனின் உடல், முட்டை, இனப்பெருக்கம் ஆகியவற்றோடு நேரடித் தொடர்புடையது இதுவே.

காபனேற்று வன்மை என்பது இருகாபனேற்றுகளின் அளவு. பெட்டியில் கேஎச் என இருக்கும். இரண்டும் பாகைகளில் அளக்கப்படுகின்றன. ஒரு பாகை என்பது லீற்றருக்கு ஏறத்தாழ 17.8 மில்லிகிராம் கல்சியம் காபனேற்றுக்குச் சமம். நீரில் அமிலம் சேரும்போது அதை முதலில் எதிர்கொண்டு பிஎச் விழாமல் தடுப்பது கேஎச்தான். ஆகவே பிஎச்சை மாற்ற நினைப்பவர் முதலில் அறிய வேண்டிய எண் பிஎச் அன்று, கேஎச். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு செய்தியை நினைவில் வைத்திருப்பதென்றால் அது இதுவாகவே இருக்கட்டும்.

கேஎச் சோதனை மிக எளிது. சோதனைக் குழாயில் 5 மில்லிலீற்றர் நீரை எடுத்து, திரவத்தைத் துளித்துளியாக விட்டு ஒவ்வொரு துளிக்கும் குலுக்க வேண்டும். முதல் துளியில் நீர் நீலமாகும். துளிகள் சேரச்சேர நீலம் நிலைத்து நிற்கும். பின்னர் ஏதோ ஒரு துளியில் சட்டென்று மஞ்சளாக மாறும். பரவலாகக் கிடைக்கும் பெட்டிகளில் ஒரு துளி ஒரு பாகை. பதினொன்றாம் துளியில் மஞ்சளானால் கேஎச் 11. நிறம் மாறும் கணம் ஐயத்துக்கு இடமின்றித் தெரிவதால், பட்டைத்தாள் சோதனையைவிட இதை நம்பலாம்.

கேஎச்சும் பிஎச்சும் எப்படிப் பிணைந்துள்ளன என்பதை ஒரு கணக்கில் காணலாம். காற்று நன்றாக ஓடும் தொட்டியில் லீற்றருக்கு ஏறத்தாழ 3 மில்லிகிராம் காபனீரொட்சைட்டு இருக்கும் என்று வைத்துக்கொண்டால், கேஎச் 10 உள்ள நீரின் பிஎச் சுமார் 8.0, கேஎச் 5 ஆனால் சுமார் 7.7, கேஎச் 3 ஆனால் சுமார் 7.5, கேஎச் 1 ஆனால்தான் 7.0. அதாவது கேஎச்சைப் பாதியாகக் குறைத்தாலும் பிஎச் 0.3 தான் இறங்கும். 8.2 ஐ 6.5 ஆக்க முயல்பவர்கள் ஏன் களைத்துப்போகிறார்கள் என்பதற்கு விடை இங்கே இருக்கிறது.

பிஎச் சோதனையில் ஒரு கவனம் தேவை. கிணற்றிலிருந்து அப்போதே அள்ளிய நீரில் நிலத்தடிக் காபனீரொட்சைட்டு மிகுதியாகக் கரைந்திருப்பதால் பிஎச் குறைவாகக் காட்டும். அதே நீரை ஒரு வாளியில் காற்றுக் கல்லோடு (காற்றுக் குமிழ் விடும் கல்) ஒரு நாள் விட்டு அளந்தால் 7 காட்டிய நீர் 8 காட்டக்கூடும். இரண்டாவது அளவே தொட்டியில் நிலைக்கப்போகும் அளவு.

## நம் பகுதி நீரின் இயல்பு

நகரில் பலருக்கும் வருவது கந்தளாய்க் குளத்து நீரைச் சுத்திகரித்துக் கொண்டுவரும் குழாய் நீர். குளத்து நீர் என்பதால் இது பெரும்பாலும் கரையோரக் கிணற்று நீரைவிட மென்மையானது. ஆனால் குளோரின் சேர்க்கப்பட்டது. ஒரு நாள் காற்றோட்டத்தில் வைப்பதோ, குளோரினை நீக்கும் தயோசல்பேற்று சில துளி விடுவதோ எந்த வழியைத் தேர்ந்தாலும் கட்டாயம்.

உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி போன்ற கரையோர மணற்பாங்கான இடங்களில் கதை வேறு. அங்கே மழையால் சேர்ந்த நன்னீர், கடல்நீர் ஊறிய மணலின் மேல் ஒரு மெல்லிய படையாக நிற்கிறது. மணலில் கலந்துள்ள சிப்பித் துகள்கள் வன்மையைக் கூட்டுகின்றன. கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில் கிணறு வற்றவற்ற உவர்ப்பும் ஏறுகிறது. மாரி பெய்து கிணறு நிரம்பியதும் அதே கிணற்று நீர் மென்மையாகிறது. ஆகவே தை மாதத்தில் அளந்த எண்ணை ஆவணிக்கும் உண்மை என்று கொள்ளக் கூடாது. ஆண்டுக்கு இரு முறையாவது, மாரி முடியும்போதும் கோடை உச்சத்திலும், அளக்க வேண்டும்.

உவர்ப்பும் வன்மையும் ஒன்றல்ல. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் டிடிஎஸ் மீற்றர் கரைந்துள்ள எல்லாவற்றையும் சேர்த்தே காட்டும். அது சுண்ணாம்பா, கறியுப்பா என்று பிரித்துச் சொல்லாது. கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படிவின் மீது தேசிக்காய்ச் சாற்றைச் சில துளி விட்டுப் பாருங்கள். நுரைத்துக் கரைந்தால் அது காபனேற்று. உங்கள் நீரில் கேஎச் கணிசமாக உண்டு. டிடிஎஸ் உயரமாகவும் கேஎச், ஜிஎச் இரண்டும் தாழ்வாகவும் இருந்தால் உங்கள் சிக்கல் உவர்ப்பு. அதற்கு இலையும் உதவாது, மருந்தும் உதவாது. நன்னீர் கலந்து ஐதாக்குவது ஒன்றே வழி.

## எடைபோடும் அளவுகோல்கள்

கீழ்வரும் ஐந்து வழிகளையும் நான்கு கேள்விகளால் எடைபோடுகிறேன். முதலாவது, அவ்வழி கேஎச்சையும் ஜிஎச்சையும் உண்மையில் குறைக்கிறதா, அல்லது பிஎச் எண்ணை மட்டும் தற்காலிகமாக அசைக்கிறதா? இரண்டாவது, இன்று கிடைத்த அளவு அடுத்த வாரமும் நிலைக்குமா? மூன்றாவது, ஆண்டு முழுவதற்குமான செலவு என்ன? பணம் மட்டுமன்று; இடம், உழைப்பு, கோடையில் கிடைக்குமா என்பவையும் இதில் அடங்கும். நான்காவது, ஏதாவது தவறினால் மீன்களுக்கு எவ்வளவு ஆபத்து? நான் அதிக எடை கொடுப்பது இரண்டாவதற்கும் நான்காவதற்கும். மீன்கள் சற்று உயர்ந்த பிஎச்சுக்குப் பழகிவிடும். நாளுக்கு நாள் ஊசலாடும் பிஎச்சுக்கு அவை பழகுவதே இல்லை.

## வழி 1: நீரை மாற்றாமல், நீருக்கேற்ற மீனைத் தேர்வது

இதை ஒரு வழியாகவே பலர் எண்ணுவதில்லை. ஆனால் கேஎச் 8 க்கு மேலும் பிஎச் 8 ஐ ஒட்டியும் உள்ள நீர் கெட்ட நீர் அன்று. கப்பி, மொலி, பிளாட்டி, சோர்ட் டெயில் ஆகிய குட்டி போடும் மீன்களுக்கு அது உகந்த நீர். மொலி மென்னீரில்தான் வாடுகிறது. கோல்ட் பிஷ்ஷுக்கும் அது நன்று. மலாவி ஏரியின் சிக்லிட் மீன்கள் இயற்கையில் வாழ்வதே பிஎச் 7.7 இலிருந்து 8.6 வரையான கார நீரில். மற்ற ஊர்களில் உப்புகளை அளந்து சேர்த்து உருவாக்கும் நீர் நிலாவெளிக்காரருக்குக் கிணற்றிலேயே கிடைக்கிறது.

ஏஞ்சல், குராமி, பைட்டர், நியோன் டெட்ரா போன்றவையும் இன்று கடைக்கு வருபவை பெரும்பாலும் பண்ணைகளில் பல தலைமுறையாகப் பெருக்கப்பட்டவை. பிஎச் 7.5 ஐ ஒட்டி, ஜிஎச் 10 வரை உள்ள நீரில் அவை நன்றாகவே வாழும். நமது ஈரவலய ஓடைகளின் செரி பாப் மீனும், அதன் தாயகம் மென்மையான, சற்றே அமிலமான நீராக இருந்தபோதும், பண்ணையில் வளர்ந்ததாயின் இந்நிலையை ஏற்கும். வாழ்வது வேறு, பெருகுவது வேறு என்பதையும் சொல்ல வேண்டும். நியோன் டெட்ராவின் முட்டை பொரிக்க மிக மென்மையான நீர் வேண்டும். டிஸ்கஸ் இனப்பெருக்கமும் அப்படியே.

இவ்வழியின் மறைசெலவு மிகக் குறைவு. ஒன்றைமட்டும் கவனிக்க வேண்டும்: தொட்டியிலிருந்து ஆவியாவது நீர் மட்டுமே, உப்புகள் தங்கிவிடுகின்றன. கச்சான் காலத்தில் நாளும் குறையும் நீரை வன்னீரால் நிரப்பிக்கொண்டே போனால் சில மாதங்களில் தொட்டி நீரின் வன்மை கிணற்று நீரையும் விஞ்சிவிடும். எனவே மேலே நிரப்புவதோடு நில்லாமல், பழைய நீரை வெளியேற்றிப் புதிய நீரை மாற்றுவதும் தவறக் கூடாது.

புதிதாகத் தொடங்குபவர், ஒரே ஒரு சிறிய தொட்டி வைத்திருப்பவர், அடிக்கடி ஊருக்குப் போய்வருபவர் ஆகியோருக்கு என் பரிந்துரை இதுவே.

## வழி 2: மழைநீரைக் கலப்பது

மழைநீரில் வன்மை ஏறக்குறைய இல்லை. காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு கரைந்திருப்பதால் தூய மழைநீரின் பிஎச் 5.6 அளவில் இருக்கும். ஆனால் அதற்குத் தாங்குவலு (பிஎச் மாறாமல் தடுக்கும் ஆற்றல்) இல்லாததால் அந்த எண்ணைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. கலக்கும் கணக்கு எளிது: ஜிஎச் 12 உள்ள கிணற்று நீரோடு அதே அளவு மழைநீர் சேர்ந்தால் ஜிஎச் 6, மூன்றில் இரண்டு பங்கு மழைநீரானால் 4. கேஎச்சும் இதே விகிதத்தில் இறங்கும். உவர்ப்பும் இறங்கும். ஐந்து வழிகளில், கரைந்துள்ள எல்லாவற்றையும் சேர்த்துக் குறைப்பவை இதுவும் அடுத்து வரும் ஆர்.ஓ. நீரும் (நுண்ணிய சவ்வினால் வடித்த நீர்) மட்டுமே.

திருகோணமலையில் ஆண்டு மழையின் பெரும் பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரையில் பெய்துவிடுகிறது. ஆகவே கேள்வி மழை போதுமா என்பதன்று, சேமிக்க இடம் உண்டா என்பதே. 100 லீற்றர்த் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். வாரம் 25 லீற்றர் மாற்றுகிறீர்கள், அதில் பாதி மழைநீர் என்றால் 12.5 லீற்றர். ஆவியாவதை ஈடுசெய்ய வாரம் 10 லீற்றர் என வையுங்கள். அதை மழைநீராலேயே நிரப்புவது நல்லது. வாரத்துக்கு 22.5 லீற்றர், மார்ச் முதல் செப்டெம்பர் வரையான 30 வாரங்களுக்கு 675 லீற்றர். 1000 லீற்றர்ப் பிளாஸ்டிக் தாங்கி ஒன்று தாராளமாகப் போதும். 50 சதுர மீற்றர் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை பெய்தால் 500 லீற்றர். சிந்துவதும் ஊறுவதும் போக 400 வந்தாலும், நல்ல மழை மூன்று பெய்தால் தாங்கி நிரம்பிவிடும்.

மறைசெலவுகள் தாங்கியின் விலையோடு முடிவதில்லை.

கூரை முதலாவது. வறண்ட மாதங்களில் தூசியும் பறவை எச்சமும் கடற்காற்று கொண்டுவரும் உப்பும் கூரையில் படிந்திருக்கும். மாரியின் முதல் மழைகளைப் பிடிக்கவே கூடாது. பின்னரும் ஒவ்வொரு மழையிலும் முதற் கால்மணி நேர நீரைப் பீலியிலிருந்து வெளியே விட்டுவிட வேண்டும். ஓட்டுக் கூரை சிறந்தது. நாகம் (துத்தநாகம்) பூசிய பழைய தகரக் கூரையிலிருந்து நாகம் கரைந்து வரும்; மீனைவிட இறாலுக்கும் நத்தைக்கும் அது கேடு. புதிய சீமெந்துத் தாங்கியில் சேமித்தால் சீமெந்தின் சுண்ணாம்பு கரைந்து பிஎச் 9 ஐயும் தாண்டும். எதற்காக மழைநீரைப் பிடித்தோமோ அந்த நோக்கமே கெடும். பிளாஸ்டிக் தாங்கியே பாதுகாப்பு.

நுளம்பு இரண்டாவது, சொல்லப்போனால் இதுவே முதன்மையானது. மூடாத தாங்கி டெங்கு நுளம்புக்குப் பிறப்பிடம். நுளம்பு பெருக இடமளிப்பது 2007 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றமுமாகும். மூடியை இறுக்கி, நீர் நுழையும் வாயிலும் வழிந்தோடும் குழாய் வாயிலும் நெருக்கமான வலையைக் கட்டி, பீலியில் நீர் தேங்காமல் பார்த்துக்கொள்ள இயலாதவர் இவ்வழியை நாடக் கூடாது என்று உறுதியாகச் சொல்வேன். மீனுக்காக வீட்டிலுள்ள பிள்ளையை நோயில் தள்ள முடியாது. நுளம்பு மருந்து இட்ட நீரையும் தொட்டியில் ஊற்றக் கூடாது.

தனி மழைநீரை மட்டும் தொட்டியில் நிரப்புவது தவறு. கேஎச் இல்லாத நீரில், மீன் கழிவை நுண்ணுயிர்கள் நைத்திரேற்றாக மாற்றும்போது உண்டாகும் அமிலத்தைத் தாங்க எதுவும் இருக்காது. பிஎச் ஒரே இரவில் 5 க்கு விழலாம். கலந்த நீரில் கேஎச் 3 க்குக் குறையாமல் வைத்திருப்பது நன்று.

வளவும் ஓட்டுக் கூரையும் பீலியும் உள்ள வீட்டுக்காரருக்கு, குறிப்பாக உவர்க் கிணறு உள்ள கரையோரத்தவருக்கு, இதைவிடச் சிறந்த வழி இல்லை.

## வழி 3: ஆர்.ஓ. நீர்

மிக நுண்ணிய சவ்வின் ஊடாக அழுத்தத்தால் நீரைச் செலுத்தும் முறை இது. கரைந்துள்ளவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் நீங்கிவிடும். பயனில் மழைநீருக்கு ஒப்பானது. கலக்கும் கணக்கும் அதுவே. தனியாகப் பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கையும் அதுவே. மழை, கூரை, நுளம்பு ஆகிய கவலைகள் இல்லை. ஆண்டு முழுவதும் ஒரே தரம். இனப்பெருக்கம் செய்பவருக்கு இந்த ஒரே தரம் என்பது பெரிய பெறுமதி.

வாங்குவதா, வீட்டில் இயந்திரம் பூட்டுவதா என்பது அடுத்த கேள்வி. மேலே சொன்ன 100 லீற்றர்த் தொட்டிக்கு வாரம் 22.5 லீற்றர் போதும் என்பதால், பெரிய குடிநீர்ப் போத்தல் ஒன்றோ சற்று மேலோ வாங்கினாலே காரியம் ஆகிவிடும். இத்தேவைக்காக இயந்திரம் வாங்குவது தேவையற்ற செலவு. ஆனால் விற்கும் நீரில் சுவைக்காகத் தாதுப்பொருள் மீண்டும் சேர்க்கப்பட்டிருக்கலாம். வாங்கியதும் டிடிஎஸ் மீற்றரை ஒரு முறை தோய்த்துப் பாருங்கள். சில பத்துகளுக்குள் காட்டினால் நம் வேலைக்கு ஆகும். நூறைத் தாண்டினால் ஐதாக்கும் பயன் குறைந்துவிடும். வீட்டுக் குடிநீர் இயந்திரங்கள் பலவற்றிலும் கடைசியாக ஒரு தாதுக் குழல் இருக்கும். அதற்கு முன்னாலிருந்தே தொட்டிக்கான நீரை எடுக்க வேண்டும்.

மூன்று நான்கு பெரிய தொட்டிகள் உள்ளவருக்கு இயந்திரம் நியாயமாகும். அப்போது மறைசெலவுகள் மூன்று வரும். சவ்வுக்கு ஏறத்தாழ 3 பார் அழுத்தம் வேண்டும். நாலு மீற்றர் உயரத்தில் வைத்த தாங்கி தருவது 0.4 பார்தான். ஆகவே அழுத்தப் பம்பி தனியாக வேண்டும். அது மின்சாரத்தில் ஓடுவது. இரண்டாவது, முன்வடிகட்டிகளை ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள்ளும், சவ்வை இரண்டு மூன்று ஆண்டுகளிலும் மாற்ற வேண்டும். குளோரின் சவ்வை அரிப்பதால் குழாய் நீரில் பூட்டுபவர் கரி வடிகட்டியை மாற்றத் தாமதிக்கக் கூடாது. மூன்றாவது, ஒரு லீற்றர் நல்ல நீருக்கு இரண்டு முதல் நான்கு லீற்றர் கழிவு நீர் போகும். கிணறு வற்றும் ஆவணி மாதத்தில் இது சிறிய இழப்பு அன்று. அந்நீரை வாளியில் பிடித்துக் கழுவுவதற்கும், ஓரளவு உவர்ப்பைத் தாங்கும் தென்னைக்கும் பயன்படுத்தலாம். பூச்செடிக்கு விட வேண்டாம்.

டிஸ்கஸ் வளர்ப்பவருக்கும், டெட்ரா இனங்களைப் பெருக்க முயல்பவருக்கும், மழைநீர் சேமிக்க இடமில்லாத தொடர்வீட்டுக்காரருக்கும் இதுவே ஏற்றது.

இவ்விடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். உப்பு நிரப்பி இயங்கும் நீர் மென்மையாக்கி என்று வேறொரு கருவி உண்டு. அது கல்சியத்தை எடுத்துவிட்டு அதற்கு ஈடாகச் சோடியத்தை விடுவது. சலவைக்கு நல்லது, கேத்திலில் படிவு வராது. ஆனால் கேஎச் குறைவதில்லை, சோடியம் கூடுகிறது. மென்னீர் மீன்களுக்கு அது எவ்விதத்திலும் உதவாது.

## வழி 4: வாதுமை இலையும் மரக்கட்டையும்

நம் கரையோரத் தெருக்களிலும் பாடசாலை வளவுகளிலும் தாராளமாக நிற்கும் நாட்டு வாதுமை மரத்தின் உதிர்ந்த, காய்ந்து பழுப்பேறிய இலைகளுக்கு வெளிநாடுகளில் மீன் வளர்ப்போர் பணம் கொடுக்கிறார்கள். இலையிலிருந்து கசியும் தனின்களும் ஈமிக்க அமிலங்களும் நீரைத் தேயிலை நிறமாக்கி, பிஎச்சை மெல்ல இறக்குகின்றன. 30 லீற்றருக்கு நடுத்தர அளவிலான இலை ஒன்று என்று தொடங்கலாம். பைட்டருக்கும் இறாலுக்கும் இந்நீர் இயல்பாகப் பிடிக்கும். இறால் குஞ்சுகள் இலையை அரித்துத் தின்னும்.

ஆனால் இலை ஜிஎச்சைக் குறைப்பதில்லை, கேஎச்சையும் சிறிதே குறைக்கும். கேஎச் 3 அல்லது அதற்குக் கீழ் உள்ள நீரில் மட்டுமே பிஎச்சில் மாற்றம் தெரியும். கேஎச் 10 உள்ள கிணற்று நீரில் பத்து இலை போட்டாலும் நிறம் மாறும், எண் அசையாது. "இலை போட்டேன், ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்பவர்கள் எல்லோரும் கேஎச்சை அளக்காதவர்களே. மழைநீர் கலந்து கேஎச்சை இறக்கிய பின் இலையைச் சேர்த்தால் அது தன் வேலையைச் செய்யும். எனவே இது தனி வழியன்று, இரண்டாவது மூன்றாவது வழிகளின் துணை.

பச்சை இலையையும் பூச்சிமருந்து தெளித்த இடத்து இலையையும் தவிர்க்க வேண்டும். கடற்கரையில் ஒதுங்கும் மரக்கட்டை அழகாக இருந்தாலும் உப்பு ஊறியது. பல வாரம் நன்னீரில் ஊறப்போட்டு, நீரை மாற்றி மாற்றி, டிடிஎஸ் ஏறாத நிலை வந்த பின்பே தொட்டிக்குள் வைக்கலாம். வடிகட்டியில் பீற் (சதுப்பு நிலத்தில் மக்கிய தாவரப் பொருள்) நிரப்புவது பற்றி வாசிப்பவர்கள், அதற்கு ஈடாக நம் தும்புத் தூளைப் போட எண்ணக் கூடாது. தேங்காய் மட்டை பல இடங்களில் உவர்நீரில் ஊறவைக்கப்படுவதால் அது உப்பைக் கசியவிடும், பிஎச்சையும் இறக்காது.

## வழி 5: அமிலமும் போத்தல் மருந்தும்

பிஎச் குறைக்கும் மருந்து, வினாகிரி, தேசிக்காய்ச் சாறு ஆகிய எல்லாம் அடிப்படையில் ஒன்றே. அமிலம் இருகாபனேற்றோடு சேர்ந்து அதைக் காபனீரொட்சைட்டாக மாற்றுகிறது. அந்தக் காபனீரொட்சைட்டு கரைந்திருக்கும் வரை பிஎச் தாழ்ந்து காட்டும். காற்றுக் கல்லின் வழியே அது வெளியேறியதும், அன்று மாலையோ மறுநாளோ, பிஎச் மீண்டும் ஏறிவிடும். மீன் வளர்ப்பவர் மறுபடி ஊற்றுவார்; மறுபடி ஏறும். ஒவ்வொரு முறையும் கேஎச் சிறிது சிறிதாகத் தேய்ந்து, ஒரு நாள் முற்றாகத் தீர்ந்ததும், வழக்கமான அளவு மருந்தே பிஎச்சை 5 க்குக் கீழே வீழ்த்திவிடும். காலையில் மீன்கள் மிதக்கும்.

இதில் இன்னொரு நுட்பமான ஆபத்தும் உண்டு. மீன் கழிவில் உள்ள அமோனியாவின் நஞ்சு வடிவம், 28 பாகை செல்சியஸ் நீரில், பிஎச் 7 ஆக இருக்கும்போது நூற்றில் ஒரு பங்கிலும் குறைவு. பிஎச் 8 ஆனால் ஆறேழு பங்கு. மருந்தால் 7 க்கு இறங்கிய பிஎச் இரவில் 8 க்குத் திரும்பும்போது, அதே தொட்டியில் அதே அமோனியா ஒன்பது மடங்கு நஞ்சாகிறது.

பொசுபேற்று கலந்த மருந்துகள் எண்ணைச் சற்று நீண்ட நேரம் பிடித்து வைக்கும். ஆனால் வன்னீரில் கலங்கலையும், செடியுள்ள தொட்டியில் பாசியையும் கொண்டுவரும். எந்த அமிலமும் ஜிஎச்சைக் குறைப்பதில்லை. போத்தல் சிறியது, விலை கண்ணை உறுத்தாது; ஆனால் அது முடிவில்லாமல் வாங்க வேண்டிய பொருள். தொட்டிக்குள் நேரடியாக ஊற்றுவதை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். மாற்றும் நீரைத் தனி வாளியில் வைத்து, அமிலம் சேர்த்து, ஒரு நாள் காற்றோட்டமிட்டு, கேஎச் 3 க்கு மேல் நிற்பதை அளந்து உறுதிசெய்யும் பொறுமையுள்ளவர் மட்டும் இதைத் தொடலாம்.

கொதிக்கவைத்து வன்மையை நீக்குவது பற்றியும் கேட்கிறார்கள். காபனேற்றுப் பகுதி மட்டும் படிந்து நீங்கும். எஞ்சிய வன்மையும் உவர்ப்பும் அப்படியே இருக்கும். வாரந்தோறும் 25 லீற்றரைக் கொதிக்கவைக்கும் எரிவாயுச் செலவுக்கு ஆர்.ஓ. நீர் வாங்கிவிடலாம்.

## ஒரே பார்வையில்

| வழி | கேஎச் | ஜிஎச் | உவர்ப்பு | நிலைத்தன்மை | கவனிக்க வேண்டிய செலவு |
|---|---|---|---|---|---|
| நீருக்கேற்ற மீன் | மாறாது | மாறாது | மாறாது | மிக நன்று | மீன் தெரிவு குறுகும் |
| மழைநீர் கலத்தல் | குறையும் | குறையும் | குறையும் | நன்று | தாங்கி, கூரைச் சுத்தம், நுளம்புக் காவல் |
| ஆர்.ஓ. நீர் கலத்தல் | குறையும் | குறையும் | குறையும் | மிக நன்று | பம்பி, வடிகட்டி, கழிவு நீர் |
| வாதுமை இலை | சிறிதே குறையும் | மாறாது | மாறாது | கேஎச் குறைந்த நீரில் மட்டும் | நீரின் நிறம் |
| அமிலம், மருந்து | குறையும் | மாறாது | மாறாது | மோசம் | தொடர் கொள்வனவு, திடீர் வீழ்ச்சி |

## நீர் மிக மென்மையாக இருந்தால்

மாரியில் கிணறு நிரம்பியபோதோ, குழாய் நீரில் கேஎச் 2 அளவில் இருக்கும்போதோ கப்பி வளர்ப்பவருக்கு எதிர்ச்சிக்கல் வரும். இங்கே தெரிவு இரண்டு. கழுவிக் காயவைத்த மட்டி, சிப்பி ஓடுகளை நொறுக்கி, சிறு துணிப் பையில் கட்டி வடிகட்டியில் வைத்தால், நீர் அமிலமாகச் சாயும்போது மட்டும் அவை கரைந்து கேஎச், ஜிஎச் இரண்டையும் உயர்த்தும். மெதுவானது, ஆனால் தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்வது. நம் ஊரில் செலவும் இல்லை. பவளத் துண்டுகளைத் தேடிப் போக வேண்டாம். நிலாவெளிக்கு அப்பால் கடலிலுள்ள புறாத்தீவு 2003 இலிருந்து தேசியப் பூங்கா. அங்கிருந்து எதையும் எடுத்துவருவது சட்டத்துக்கும் முரண், உயிரிழந்துகொண்டிருக்கும் பவளப் பாறைக்கும் துரோகம். சமையலில் மிஞ்சும் மட்டி ஓடு அதே வேலையை அதே அளவு நன்றாகச் செய்யும்.

உடனே உயர்த்த வேண்டுமானால் அப்பச்சோடா. 50 லீற்றருக்கு 6 கிராம் கேஎச்சை ஏறத்தாழ 4 பாகை உயர்த்தும். இது கேஎச்சை மட்டுமே கூட்டும். ஜிஎச்சுக்கு எப்சம் உப்பு 100 லீற்றருக்கு 4.4 கிராம் ஒரு பாகை தரும், ஆனால் அது மகனீசியம் மட்டுமே என்பதால் கல்சியத்துக்குச் சிப்பி ஓடே துணை.

## மாறும் முறை

எந்த வழியைத் தேர்ந்தாலும், மீன்கள் உள்ள தொட்டியில் மாற்றத்தை நீர் மாற்றும் வழக்கத்தினூடாகவே கொண்டுவர வேண்டும். கிணற்று நீரையும் மழைநீரையோ ஆர்.ஓ. நீரையோ ஒரு பீப்பாயில் விகிதப்படி கலந்து, ஒரு நாள் காற்றுக் கல்லோடு வைத்து, கேஎச்சை அளந்து குறித்துக்கொண்டு, தொட்டியில் பத்து முதல் பதினைந்து வீதத்தை மட்டும் மாற்றுங்கள். ஒரு தடவையில் ஜிஎச் இரண்டு பாகைக்கு மேல் அசையாமல் இருக்கட்டும். நாலைந்து நாள் இடைவெளி விட்டு அடுத்த மாற்றம். கடையிலிருந்து கொண்டுவரும் புதிய மீனுக்கும் இதே கவனம் வேண்டும்: பையிலுள்ள நீரின் டிடிஎஸ்ஸை அளந்து, உங்கள் தொட்டி நீரோடு பெரிய வேறுபாடு இருந்தால், மெல்லிய குழாயால் துளித்துளியாகத் தொட்டி நீரை ஒரு மணி நேரமாவது பையில் சேர்த்த பின்பே மீனை வலையால் எடுத்து விடுங்கள், பை நீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம்.